வாசலில் நான்கு நிமிடம்

கிளாட்வினும் பேச்சியம்மாளும் வேலையை ஒழுங்காகச் செய்த மாதங்களில் அவர்களுக்குச் சம்பளம் குறைந்தது. கொஞ்சம் சுமாராகச் செய்த மாதங்களில் கூடியது. இதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதற்கு அவர்களுடைய மந்தபுத்தியைக் குறை சொல்லக் கூடாது. வேலை பார்க்கிறவன் யாரும் அப்படியொரு கோணத்தில் யோசிப்பதில்லை.

கிளாட்வின் தூத்துக்குடியில் தனியார் ஆம்புலன்ஸ் டிரைவர். வயது நாற்பத்தாறு. வண்டி எண் ஏழு. பேச்சியம்மாள் அதே வண்டியில் மருத்துவ உதவியாளர். அவரைவிடப் பதினாறு வயது இளையவள். கம்பெனியின் பெயர் 'முந்தி'. பெயருக்கேற்ற கம்பெனிதான். மற்ற ஆம்புலன்ஸ்கள் ஆள் விழுந்த பிறகு வரும். முந்தி, விழுவதற்கு இருபது நிமிடம் முன்னால் வரும்.

இதற்குக் காரணம் ஒரு கைப்பட்டை. ரப்பர் வளையல் மாதிரி இருக்கும். ரத்தத்தையும் நாடியையும் வேறு என்னென்னவற்றையோ ராப்பகலாக மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும். மாரடைப்போ பக்கவாதமோ கிளம்பி வருகிற வழியிலேயே அதற்குத் தெரிந்துவிடும். உடனே சிவப்பு விளக்கு எரிந்து, கையில் கிர்ரென்று அதிரும். அதே நொடி வண்டிக்கும் தகவல் போகும். போய் ஓர் ஊசியும் இரண்டு மாத்திரையும் கொடுத்து உட்கார வைத்தால், பத்தில் ஒன்பது பேருக்கு வருவது வராமலே திரும்பிப் போய்விடும்.

ஒரே ஒரு சிக்கல். வராமலே போன ஒன்றுக்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்லுவதில்லை.

ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு சலூன் வாசலில் வண்டி நின்றது. உள்ளே ஷிப்பிங் கம்பெனி கணக்கர் ஒருவர் பாதி முகம் சவரமும் பாதி முகம் சோப்பு நுரையுமாக உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கு வந்திருக்கிய?" என்று கண்ணாடி வழியாகவே கேட்டார்.

"உங்களுக்குத்தான் அண்ணாச்சி," என்றாள் பேச்சி. "பட்டையில சிவப்பு எரியுதே, பாக்கலையா?"

"அது நேத்துல இருந்தே கோளாறு. எனக்கு ஒண்ணுமில்ல. செத்தா வாங்க."

"செத்தா வேற வண்டி வரும் அண்ணாச்சி. நாங்க அதுக்கு முந்தி."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த நாற்காலியில் இருந்தவர் பாதி கிராப்போடு எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். பேச்சி பேசிப் பேசியே கணக்கர் சட்டைக் கையை மேலேற்றி ஊசியைப் போட்டாள். அவளுக்குப் பேர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்துப் பட்டை பச்சைக்கு வந்தது. கணக்கர் மீதிப் பாதி முகத்தையும் மழித்துக்கொண்டு, "நல்லா இருந்த மனுசனுக்கு பிரஷர் ஏத்தி விடுதாங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். போகிற வழியிலேயே முந்திக்கு ஒரு புகாரும் அனுப்பினார்.

மாதக் கடைசியில் செயல் மேலாளர் பொன்சேகர் இருவரையும் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். எல்லாரையும் டீ குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் சம்பளத்தைக் குறைப்பார்.

"இந்த மாசம் உங்க வண்டி எழுபத்திரண்டு தடவ ஓடியிருக்கு. ஆஸ்பத்திரியில சேத்தது ஆறே கேஸ். மீதி எல்லாம் வெற்று ஓட்டம்."

"வெத்து ஓட்டம் இல்ல சார்," என்றார் கிளாட்வின். "ஊசி போட்டோம், சரியாயிட்டு. அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போகல."

"சரியாச்சுன்னு எப்படிச் சொல்லுதிய? ஒண்ணுமே நடக்கலையே. நடக்காததுக்கு நான் எப்படிப் படி போடுவேன்?"

"நடக்காம இருக்கத்தான சார் எங்கள அனுப்புதிய?"

பொன்சேகர் இதை ஒரு நிமிடம் யோசித்தார். யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

அடிப்படைச் சம்பளம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் கேஸுக்கு நானூறு ரூபாய் படி. அந்தப் படியை நம்பித்தான் எல்லார் வீட்டிலும் உலை கொதித்தது. கிளாட்வின் மகள் நர்சிங் கல்லூரியில் இரண்டாம் வருஷம். பேச்சி, அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகச் சீட்டுப் போட்டு, மூன்று மாதமாகத் தவணை கட்டாமல் இருந்தாள். சீட்டு நடத்துகிற அக்காவைத் தெருவில் பார்த்தால் பேச்சி சந்து வழியாகப் போக ஆரம்பித்திருந்தாள். ஆம்புலன்ஸ்காரி சந்தில் ஒளிகிறாள் என்று தெருவே சிரித்தது.

பிலோமினாவுக்குச் சிவப்பு எரிந்தது ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மத்தியானம்.

பிலோமினா, மக்ரூன் போடுகிறவள். கீழே கடை, மாடியில் அடுப்பும் வீடும். முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி சேர்த்து, காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் கோபுரம் கோபுரமாகப் பிழிய வேண்டும். பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊரில் மக்ரூன் கடைகள் நிறைய. ஆனால் நுனி வளையாமல் நிற்கிற கோபுரம் பிலோமினா கைக்குத்தான் வரும் என்பார்கள். ஐம்பத்தைந்து வயதில் அந்தக் கையால்தான் தனியாக வீட்டை நடத்தினாள்.

வண்டி வாசலுக்கு வந்தபோது இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. கிளாட்வின் வாதாம் மர நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். வழக்கமாக அணைக்கும் முன்பே பேச்சி குதித்திருப்பாள். அன்றைக்குக் குதிக்கவில்லை.

கிளாட்வின் இறங்கி, பக்கக் கண்ணாடி அழுக்காக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு துணியை எடுத்துத் துடைத்தார். அது காலையில்தான் கழுவிய வண்டி. பேச்சி பெட்டியைத் திறந்து பஞ்சுக் கட்டுகளை எண்ணினாள். பதினான்கு இருந்தன. மறுபடியும் எண்ணினாள். பதினான்குதான்.

"பதினெட்டாம் தேதிக்குள்ள ஃபீஸ் கெட்டணுமாம்," என்றார் கிளாட்வின், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"ம்," என்றாள் பேச்சி.

இரு என்று அவரும் சொல்லவில்லை, போவோம் என்று அவளும் சொல்லவில்லை. நான்கு நிமிடம். பிறகு மாடியில் தகரத் தட்டு ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள். அப்படி ஓடினார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே மூச்சில் மாடியேறினார்கள்.

ஏழு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே பிலோமினா விழுந்துவிட்டாள். பட்டை சொல்லும் நேரம் அப்படியொன்றும் மணியடித்தாற்போல நடப்பதில்லை. பேச்சி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சும் திரும்பிவிட்டது, வலது கை மட்டும் சொன்னபடி கேட்காது, போகப் போகப் பார்ப்போம் என்றார் டாக்டர். கையெழுத்து வாங்கினார்கள். நானூறு ரூபாய்.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே மக்ரூன். 'ஏழாம் நம்பர் வண்டிப் பிள்ளைகளுக்கு. சரியான நேரத்துக்கு வந்து காப்பாத்தினீங்க' என்று இடது கையால் கிறுக்கிய ஒரு சீட்டு. தங்கச்சி மகளை வைத்துக் கடையை ஓட்டுகிறாளாம். கோபுரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. எல்லா வண்டிக்காரர்களும் ஆளுக்கு இரண்டு எடுத்துச் சாப்பிட்டார்கள். கிளாட்வின் தனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

அடுத்த வாரமும் பெட்டி வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது.

"எண்ணே, அந்த அக்காகிட்டப் போய்ச் சொல்லிருவோமா?" என்றாள் பேச்சி.

"என்னன்னு சொல்லுவ?"

அவளுக்குப் பேச்சு வராத அபூர்வமான நாட்களில் அது ஒன்று.

அக்டோபரில் சங்கம் கூடியது. முப்பத்தெட்டுப் பேர் இருந்த சிறிய சங்கம். கிளாட்வின்தான் செயலாளர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் ஆறு வருஷமாக அவரே செயலாளர். கேஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் படி வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வேலைநிறுத்தம் வேண்டாம், ஆம்புலன்ஸ் நின்றால் ஊர் காறித் துப்பும் என்று முடிவாகி, தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தார்கள்.

சமரச அலுவலர் ஷமீமா சின்ன உருவம். மூக்கு நுனியில் கண்ணாடி. யார் பேசினாலும் நடுவில் குறுக்கிடாமல் கேட்பார். அதனாலேயே பேசுகிறவர்களுக்குச் சீக்கிரம் சரக்குத் தீர்ந்துவிடும்.

முதல் நாள் பொன்சேகர் சொன்னார்: "மேடம், வெற்று ஓட்டம்னா மெஷின் தப்பாச் சொல்லிருச்சுன்னு அர்த்தம். வியாதியே வரல. இவங்க போய்ப் பாத்துட்டு வந்தாங்க. அவ்வளவுதான்."

ஷமீமா மேசைமேல் இருந்த கம்பெனி விளம்பரத்தை எடுத்தார். "நூத்துக்குத் தொண்ணூத்தாறு தடவை சரியாச் சொல்லும்னு போட்டிருக்கீங்க?"

"அது விளம்பரம் மேடம்."

"சரி. அப்போ விளம்பரத்துல மெஷின் சரி, சம்பளத்துல மெஷின் தப்பு. அப்படித்தானே?"

பொன்சேகர் தண்ணீர் குடித்தார். ஷமீமா கிளாட்வின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சந்தோஷப்படாதீங்க. நீங்க போனதாலதான் வியாதி வரலைங்கிறதுக்கு என்ன சாட்சி?"

சாட்சி இருந்தது. ஒவ்வொரு வண்டியிலும் பதிவுக் கருவி உண்டு. வண்டி வாசலுக்கு வந்த நேரம், நோயாளியின் பட்டையைத் தொட்ட நேரம், பிறகு என்ன ஆயிற்று, எல்லாம் நொடிக்கணக்கில் இருக்கும். உடனே போய்த் தொட்ட இடங்களில் வியாதி வரவில்லை என்பது அதில் பளிச்சென்று தெரியும். உடனே போகாத இடங்களில் என்ன ஆயிற்று என்பதும் தெரியும். அந்தந்த வண்டி ஊழியர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் பதிவு கம்பெனிக்கு வெளியே வரும்.

அன்று மாலை சங்கக் கூட்டத்தில் இதைக் கிளாட்வின் எடுத்துச் சொன்னதும் முப்பத்தெட்டுப் பேரில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, கண்ணாடி துடைத்தது தான் மட்டும் இல்லை என்று.

"நான் கையெழுத்துப் போடுதேன்," என்றாள் பேச்சி.

"ஏ பிள்ள, வேலை போயிரும்."

"போட்டும்ணே. இந்த மக்ரூன என்னால தாங்க முடியல."

யாரோ சிரித்தார்கள். பிறகு பதினொன்றாம் நம்பர் வண்டி டிரைவர் லிங்கதுரை, அதிகம் பேசாதவர், எழுந்து வந்து பேனாவை வாங்கினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள்.

இரண்டாம் நாள் விசாரணைக்குக் கம்பெனி ஓர் ஏற்பாடு செய்திருந்தது. முந்தியால் உயிர் பிழைத்த வாடிக்கையாளர் ஒருவர் நேரில் வந்து கம்பெனியின் சேவையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுவார் என்றார் பொன்சேகர். கதவு திறந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வலது கையை இடது கையால் தாங்கியபடி பிலோமினா உள்ளே வந்தாள். இருவரையும் பார்த்து வாயெல்லாம் சிரித்தாள்.

கிளாட்வினுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பேச்சி மட்டும் எழுந்தாள்.

"மேடம், அக்கா பேசுறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். எங்க பதிவுல ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி பாருங்க. நாங்க வாசலுக்கு வந்தது ஒண்ணு பத்துக்கு. மாடி ஏறினது ஒண்ணு பதினாலுக்கு. நடுவுல நாலு நிமிசம் வண்டியில சும்மா இருந்தோம். அந்த அக்கா விழட்டும்னு இருந்தோம். விழுந்தாத்தான் கேஸ்."

பிலோமினா முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அந்த நாலு நிமிசம் என்ன செஞ்சிய?" என்று கேட்டாள்.

"நான் பஞ்சு எண்ணினேன். அண்ணன் கண்ணாடி துடைச்சாங்க."

"பேசிக்கிடலையா?"

"மக ஃபீஸப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன்," என்றார் கிளாட்வின்.

ஷமீமா எல்லா வண்டிகளின் பதிவையும் புரட்டினார். ஒரு வருஷத்தில் இப்படி அறுபத்தொரு தாமதங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பொன்சேகரைக் கேட்டார்.

"இந்தப் பதிவை நீங்க பாக்கிறதே இல்லையா?"

"தினமும் பாப்போம் மேடம். அதுக்குத்தானே வச்சிருக்கோம்."

"பாத்தா, அறுபத்தொரு தடவை வாசல்ல நின்னிருக்காங்க. ஒருத்தர்கிட்டக்கூட ஏன் நின்னேன்னு கேக்கலையே?"

பொன்சேகர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"ஆஸ்பத்திரியில ஆள் சேர்த்தா ஆஸ்பத்திரி உங்களுக்கு ஏதாவது குடுக்குமா?"

"அது... ஒரு ஏற்பாடு உண்டு."

"சேர்க்காட்டி?"

பொன்சேகர் சுற்றுமுற்றும் பார்த்தார். டீ சொல்ல அது அவருடைய அலுவலகம் இல்லை.

தீர்ப்பு மாதிரி ஒன்றும் வரவில்லை. சமரச அலுவலர்கள் தீர்ப்புச் சொல்லுவதில்லை, ஒப்பந்தம்தான் எழுதுவார்கள். ஆனால் அந்தப் பதிவு கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. டிசம்பரிலிருந்து எல்லா ஓட்டத்துக்கும் ஒரே படி என்று கையெழுத்தாயிற்று. தாமதித்த ஊழியர்கள் எல்லாருக்கும் பதினைந்து நாள் தற்காலிகப் பணிநீக்கம் என்று கம்பெனி கேட்டது. வேண்டாம் என்று சங்கத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது ஷமீமாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் பிலோமினா ஆட்டோவுக்காக நின்றிருந்தாள். பேச்சி போய்ப் பக்கத்தில் நின்றாள். கிளாட்வின் பத்தடி தள்ளி நின்றார்.

"எக்கா," என்றாள் பேச்சி.

"உங்க வண்டிய நான் பாத்தேன்," என்றாள் பிலோமினா, ரோட்டைப் பார்த்தபடி.

"எப்போ?"

"அன்னிக்குத்தான். கை அதிருது, சிவப்பு எரியுது. சன்னல் வழியா எட்டிப் பாத்தா வாதாம் மரத்தடியில வண்டி நிக்குது. நாலு தட்டு மாவு பிழிஞ்சு வச்சிருக்கேன், கல்யாண ஆர்டர். அடுத்த வீட்டுக்கு வந்திருக்கும்னு நினைச்சேன். நினைக்கல, வேண்டினேன். அந்த வீட்டுல ஒரு வயசான மனுசன் இருக்காரு. அவருக்கா இருக்கட்டும் ஆண்டவரேன்னு வேண்டிட்டுத்தான் அஞ்சாவது தட்டை எடுத்தேன்."

பேச்சி திரும்பிக் கிளாட்வினைப் பார்த்தாள்.

"அதனால உங்க ரெண்டு பேரையும் நான் மன்னிச்சிட்டேன்னு நினைக்காதிய," என்றாள் பிலோமினா. "நான் வேண்டினது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. இந்தக் கை உங்களுக்கும் எனக்கும் உள்ளது. பதினஞ்சு நாள் சும்மாதான இருக்கப் போறிய? கிறிஸ்துமஸ் ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. காலையில ஆறு மணிக்கு வந்துரணும். கூலி கிடையாது."

ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு இரண்டு பேரும் மாடியில் இருந்தார்கள். பேச்சி பிழிந்த முதல் தட்டைப் பார்த்துப் பிலோமினா, "இது மக்ரூனா, மாட்டுச் சாணியா?" என்றாள். பேச்சியை யாரும் அப்படி வாயடைக்க வைத்ததில்லை. கிளாட்வினை முந்திரி உடைக்க உட்கார வைத்தாள். உடைத்ததில் எத்தனை வாய்க்குள் போகிறது என்று அடுப்படியிலிருந்தே கண்வைத்துக்கொண்டாள். சர்க்கரை வியாதிக்காரருக்கு முந்திரி ஆகுமா என்று கேட்டாள். அந்தச் செய்தி அவளுக்கு எப்படியோ எட்டியிருந்தது. நாலாம் நாள் பேச்சியின் கோபுரம் ஒன்று விழாமல் நின்றது. பிலோமினா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தப்பித் தவறி வந்திருக்கு" என்றாள்.

ஆறாம் நாள் காலை படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லிங்கதுரை வாசலில் நின்றார். பதினொன்றாம் நம்பர் வண்டி டிரைவர். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார். உள்ளே வரவில்லை.

"என்ன லிங்கதுரை?" என்றார் கிளாட்வின்.

லிங்கதுரை அவரைப் பார்க்காமல் பிலோமினாவைப் பார்த்தார்.

"நாங்க நின்ன வீட்டுக்குத்தான் போனேன். உப்பளத்துல மேஸ்திரி அவரு. நாங்க ஒன்பது நிமிசம் நின்னோம்." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவரு பிழைக்கல. வீடு பூட்டியிருக்கு. பொஞ்சாதி பிள்ளைங்க எந்த ஊருக்குப் போனாங்கன்னு அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியல."

பேச்சி பிழிவதை நிறுத்தினாள்.

"இங்க எனக்கு ஏதாவது வேலை இருக்குமா?" என்றார்.

பிலோமினா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் வாய் எதையோ கேலியாகச் சொல்லத் திறந்தது. சொல்லவில்லை. இடது கையால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். அது நேராக நிற்கவில்லை, காலால் தள்ளிச் சரிசெய்தாள்.

"கை கழுவிட்டு வாங்க," என்றாள்.